நாடகம் முடிந்த பிறகும்

பென்னாகரம்

அன்புள்ள மலர்விழிக்கு,

லண்டனில் உன் தோழி கச்சேரி கேட்கப் போன 'கோகோ' இரவு விடுதி முன்பு நாடக அரங்காக இருந்ததாமே, நாடகம் நடந்த இடத்தை இப்படி மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாற்றலாம் என்பதே என் பதில்.

கேம்டன் பகுதியில் 1900 டிசம்பரில் திறந்த அரங்கு அது. சில ஆண்டுகளிலேயே சினிமா வந்து நாடகத்தின் இடத்தைப் பிடித்தது. 1945 முதல் 1972 வரை பி.பி.சி. அங்கே ரசிகர்களை உட்காரவைத்து வானொலி நிகழ்ச்சிகள் நடத்தியது. கொஞ்ச காலம் காலியாகக் கிடந்து, 1977-இல் இசைக்கூடமாகி, 1982-இல் நடன விடுதியாகி, 2004-இல் கோகோ ஆனது. 2020-இல் தீப்பிடித்தபோதும் விட்டுவிடாமல் சீர்செய்து 2022-இல் திறந்தார்கள். நாடகத்துக்காகக் கட்டிய மாடங்கள் மேடையை நெருங்கியே இருக்கும். அங்கே நின்றாலும் பாடுபவர் முகம் தெரியும். கீழே நாற்காலிகளை எடுத்துவிட்டால் ஆடுவதற்கு இடம் தயார். பாட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

நீ மொரப்பூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குகிறாயே, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கவனித்திருக்கிறாயா? சிஷோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி 1890 வாக்கில் கட்டி முடித்தது. 1891-இல் அங்கே பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவின் ஆட்டத்தைப் பம்மல் சம்பந்தம் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 18. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர், அதே ஆண்டு நண்பர்களைச் சேர்த்துச் சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். வக்கீல்களும் படித்த உத்தியோகஸ்தர்களும் அந்த மண்டபத்தில் அரிதாரம் பூசினார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்.

நம் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் வெட்டவெளியில் விடிய விடிய ஆடுகிறவர்கள். அவர்களுக்குக் கூரை தேவையில்லை. டிக்கெட், திரை, குறித்த நேரம் என்று வந்தபோது சபைக்குக் கட்டடம் வேண்டியிருந்தது. கூத்தாடி என்று இழித்துப் பேசிய நகரமே வக்கீல்கள் வேடம் கட்டியதும் கைதட்டியது. அந்த அநியாயத்தையும் நீ சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னைவாசிகள் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்த இடங்களில் அந்த மண்டபமும் ஒன்று. 1897-இல் விவேகானந்தர் அங்கே பேசினார். 1936-இல் சபை மவுண்ட் ரோட்டுக்கு இடம் மாறியது. பிறகு மெல்ல மெல்லக் கூட்டம் குறைந்து, கட்டடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பாழானது. 2023-இல்தான் மாநகராட்சி முப்பது கோடிக்கு மேல் ஒதுக்கிப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியது.

இரவு விடுதியின் மதுவும் இரைச்சலும் எனக்கும் பிடிக்காதுதான். ஆனாலும் ஒரு கலை போய் இன்னொரு கலை வருவதால் அரங்குக்குக் கேடில்லை. ஆளரவம் நின்றால்தான் கேடு. ஒழுகும் கூரையை மாற்றவும் மின்கம்பியைச் சரிபார்க்கவும் டிக்கெட் காசு வந்துகொண்டே இருக்க வேண்டும். அவசர வழிகள் திறந்திருக்கட்டும், அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் இருக்கட்டும், மேடையை மட்டும் இடிக்காமல் விடட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பக்கம் பழைய டாக்கீஸ் ஏதாவது கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால், உள்ளே போய்ப் படம் எடுத்து, ஆபரேட்டராக இருந்தவரைத் தேடி அவர் சொல்வதை எழுதிவை. இந்த விடுமுறையிலேயே தொடங்கு.

அன்புடன்,
பெரியப்பா