பழைய வாளுக்கு இரண்டு சட்டங்கள்

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கிறேன். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராணுவ வாள் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வீட்டில் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுமா? பிற்பாடு லண்டனில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம், அனுப்ப முடியாது. இரண்டுக்கும் காரணம் வாளின் வயதுதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வாளும் ஆயுதமே. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அதை வைத்திருக்க 4ஆம் பிரிவின் கீழ் உரிமம் வேண்டும். ஆனால் தொன்மை மதிப்புள்ள, பழுதுபார்த்தாலும் துப்பாக்கியாகப் பயன்படாத ஆயுதங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது 45ஆம் பிரிவு. இது பழந்துப்பாக்கிகளுக்கு மட்டுமான விலக்கு என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. சுடக்கூடிய ஆயுதம் எதுவும் இந்த விலக்கில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த நிபந்தனை அது. வாள் இயல்பிலேயே அதை நிறைவு செய்கிறது. ஆனால் வயதைக் காட்ட உங்கள் கையில் சான்று இருக்க வேண்டும். பழசுபோலத் தோற்றம் ஏற்றிய புது வாள்கள் சந்தையில் ஏராளம். ஆகவே உரிமம் பெற்ற தொல்பொருள் வணிகரிடம் வாங்குங்கள். காலம், முந்தைய உரிமையாளர் விவரம் இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஊர்வலத்தில் ஏந்திச் செல்வது வேறு விஷயம்; காவல் துறையின் தடையாணைகளை இந்த விலக்கு கட்டுப்படுத்தாது.

இனி, நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கட்டாயப் பதிவுக்கு அறிவிக்கப்பட்டவை சிலைகள், ஓவியங்கள் போன்றவை. வாள் அதில் இல்லை. ஆனால் 3ஆம் பிரிவின்படி, மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ தவிர யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. சொந்தப் பொருள், மகனுக்குத் தரும் அன்பளிப்பு என்பதெல்லாம் அங்கே எடுபடாது. திப்பு சுல்தானின் வாள் 2023இல் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனதே என்று கேட்கலாம். அது 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு வெளியேறியது. இந்தச் சட்டமோ இப்போது இங்கே இருப்பவற்றைக் காக்கிறது. நகல் என்று சொல்லி அனுப்பவும் நினைக்காதீர்கள். உங்கள் ரசீதே அதைப் பொய்யாக்கும். நகல் என்றே ஆனாலும் 45ஆம் பிரிவின் விலக்கு போய்விடும். ஆயுத ஏற்றுமதிக்கு 10ஆம் பிரிவின் கீழ் உரிமம் கேட்பார்கள். மகனுக்கு இந்த வாளை உயில் எழுதி வைக்கத் தடையில்லை; வாள் மட்டும் இந்தியாவிலேயே இருக்க வேண்டும்.