ஸ்மார்ட் மின்கட்டமைப்பின் திறனை எப்படி அளப்பது?

ஸ்மார்ட் மீட்டர் பொருத்திவிட்டால் மின்விநியோகம் திறமையாகிவிடுமா? அதை எந்தக் கணக்கை வைத்துச் சொல்வது? – வாசகர், ஈரோடு

எத்தனை மீட்டர் மாட்டப்பட்டது என்பது திறனுக்குச் சான்றாகாது. முதலில் பார்க்க வேண்டியது தொழில்நுட்ப, வணிக இழப்பு. துணைமின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடமான ஃபீடர் ஒன்றில் 100 யூனிட் அனுப்பி, 90 யூனிட்டுக்குத்தான் பில் போடப்படுகிறது. அந்தத் தொகையிலும் 95 சதவீதமே வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.90-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 0.855. ஆக, இழப்பு 14.5 சதவீதம். கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடாவதில் போவது, திருட்டு, கட்டாத பாக்கி எல்லாம் இதற்குள் அடக்கம். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டம், தேசிய அளவில் இதை 12–15 சதவீதத்துக்குக் குறைப்பதையே இலக்காக வைத்தது.

ஃபீடர், டிரான்ஸ்ஃபார்மர், வீடு ஆகிய மூன்றிலும் மீட்டர் இருந்தால்தான் இழப்பு எங்கே நேர்கிறது என்பது பிடிபடும். வீட்டில் மட்டும் மாட்டுவது அரைகுறை வேலை.

அடுத்தது மின்தடை. 1,000 இணைப்புகளில் 200-க்கு ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றால், சராசரி ஓர் இணைப்புக்கு 12 நிமிடம். இப்படி ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்க்க வேண்டும். மாலை நேர உச்சத் தேவை குறைகிறதா என்பது மூன்றாவது அளவுகோல்.

மீட்டர் வருவதற்கு முந்தைய ஆண்டின் எண்களோடு ஒப்பிடாத எந்த மதிப்பீட்டையும் நம்ப வேண்டியதில்லை.