அநீதி இழைக்கப்பட்டவருக்காகக் கூடி நிற்கலாமா?



மதுரையிலிருந்து வைகைக் கரையோரமாகக் கிழக்கே இருபது கிலோமீட்டர் அளவில் உள்ளது திருப்புவனம். அதனை அடுத்த மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலில் காவலாளியாக இருந்தார் ஓர் இளைஞர். கோயிலுக்கு வந்தவரின் காரில் இருந்த நகை காணாமற் போயிற்று என்று ஒரு புகார். விசாரணை என்ற பெயரால் போலீசார் அவரைக் கொண்டு போனார்கள். 2025 ஜூன் 28-ல் அவர் பிணமானார். உடலெங்கும் காயங்கள். காவலர் ஐவர் கைதாயினர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது. பின்னர் வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது.

இத்தகைய கொடுமையைக் கண்டித்து ஊர் கூடும்போது, “காளி கோயில் காவலாளிக்காக நாம் ஏன் போய் நிற்க வேண்டும்?” என்று நம்மில் சிலர் கேட்கின்றனர். “ஆர்ப்பாட்டம் மார்க்கத்தில் ஆகுமா?” என்று வேறு சிலர் கேட்கின்றனர். “வழக்கில் பெயர் ஏறினால் பிள்ளையின் பாஸ்போர்ட் என்னாவது?” என்று தாய்மார் அஞ்சுகின்றனர். மூன்றும் விடை பெற வேண்டிய கேள்விகளே.

அடிபட்டவர் எந்தச் சமயத்தவர்?

முதல் கேள்விக்கு விடை ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபித்தோழர் ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டில் ஒரு வழியே சென்றார்கள். அங்கே நபத்தி இனத்து உழவர் சிலர் கொளுத்தும் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தனர். காரணம் கேட்டார்கள். ஜிஸ்யா வரி பாக்கிக்காக என்று சொல்லப்பட்டது. ஜிஸ்யா செலுத்துவோர் முஸ்லிம்கள் அல்லர் என்பது நாம் அறிந்ததே. ஆயினும் ஹிஷாம் (ரலி) அவர்கள், “நமக்கென்ன?” என்று கடந்து போகவில்லை. உலகில் மனிதர்களை வதை செய்வோரை அல்லாஹ் வதை செய்வான் என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைத் தாம் செவியுற்றதாகச் சாட்சி கூறினார்கள். அத்துடன் நின்றார்களா? இல்லை. அப்போது அதிகாரியாக இருந்த உமைர் பின் ஸஃது (ரலி) அவர்களிடமே சென்று எடுத்துரைத்தார்கள். அவர்களும் உடனே அம்மக்களை விடுவிக்கச் சொன்னார்கள்.

இதில் நமக்குரிய பாடத்தைக் கவனியுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் “மனிதர்களை” என்றே பொதுப்படச் சொன்னார்கள். வதைபட்டோர் மாற்றுச் சமயத்தார். வதைத்தது முஸ்லிம்களின் சொந்த ஆட்சி. அப்படியிருந்தும் அந்த ஸஹாபி வாய் மூடியிருக்கவில்லை.

2020 பிப்ரவரி 14 இரவு சென்னை வண்ணாரப்பேட்டையில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய நம் மக்கள் மீது தடியடி நடந்தது. செய்தி பரவியதும் மதுரை உட்படப் பல ஊர்களில் நாம் வீதிக்கு வந்தோம். மாற்றுச் சமயத்தாரும் நமக்காகக் குரல் கொடுத்தார்கள். நம்மவர் அடிபட்டால் அநீதி, பிறர் அடிபட்டால் வெறும் செய்தி என்று இருப்போமானால், நாம் நீதிக்காக எழுந்தவர்களா, இனத்துக்காக எழுந்தவர்களா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புங்கூட உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்ய வேண்டாம் என்பது திருமறையின் (5:8) கட்டளை. வெறுப்பே தடையாகக் கூடாதெனில், அண்டை வீட்டாரைப் போல் பழகும் மக்கள் விஷயத்தில் என்ன தடை?

அவர் குற்றவாளியாக இருந்தால்?

“திருடியிருந்தால் அடிக்க வேண்டியதுதானே?” என்பாரும் உண்டு. அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சி இவர்களுக்குப் பதில் தருகிறது. பொருள் களவு போனதாகச் சிலர், நெசவாளர்களைப் பிடித்து நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்தனர். அவர்கள் சில நாட்கள் காவலில் வைத்துவிட்டு விடுவித்தார்கள். “அடிக்காமல் விட்டுவிட்டீர்களே!” என்று புகார் செய்தோர் குறைபட்டனர். அதற்கு அவர்கள், நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன். பொருள் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அதே அடியை உங்கள் முதுகில் தருவேன் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இது அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் அளித்த தீர்ப்பு என்றும் சொன்னார்கள். சந்தேகத்துக்காக ஒருவரை அடித்து உண்மையை வரவழைக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

கூடி நிற்பது ஆகுமா?

ஆர்ப்பாட்டமே கூடாது என்று கூறும் ஆலிம்கள் உளர். அதனால் குழப்பமும் இரத்தம் சிந்துதலும் வரும் என்பதே அவர்களுடைய அச்சம். அந்த அச்சத்தை நாம் இலேசாகக் கருதக் கூடாது. ஆனால் நம் நாட்டில் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவே வழங்கியிருக்கிறது. அனுமதி பெற்று, குறித்த இடத்தில் நின்று, ஆட்சியாளருக்குக் குறையை எடுத்துரைப்பது கலகமாகாது. அநீதிக்குள்ளானவர் குரலை உயர்த்திச் சொல்வதற்குத் திருமறை (4:148) இடம் தந்துள்ளது.

பிற சமயத்தாருடன் சேர்ந்து நிற்பதற்கும் முன்மாதிரி உண்டு. மக்காவில் ஒரு வெளியூர் வணிகரின் பொருளைக் குறைஷிப் பிரமுகர் ஒருவர் வாங்கிக்கொண்டு விலை தராமல் ஏய்த்தார். அதையொட்டி அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில், அநீதிக்குள்ளானவருக்குத் துணை நிற்போம் என்று சிலர் உடன்படிக்கை செய்தனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்துக்கு முன் அதில் கலந்துகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அதன் பெயரால் அழைக்கப்பட்டால் போவேன் என்னும் கருத்தை வெளியிட்டார்கள்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

போகிறவர் நிய்யத்தைச் சீர் செய்து கொள்ளட்டும். பெயருக்காகவோ கட்சிக்காகவோ போகிறவருக்கு அதுவே கூலி. தொழுகை நேரம் வந்தால் தொழுகை தவறக் கூடாது. பாதைக்கும் ஓர் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஆம்புலன்ஸையும் கூலி வேலைக்குப் போகிறவரையும் மறிப்பது அந்த உரிமையைப் பறிப்பதாகும். கல் எறிபவன் அநீதிக்கு எதிரியல்லன். அவனும் அநீதி செய்பவனே. கைபேசியில் வரும் படத்தையும் செய்தியையும் விசாரியாமல் பரப்புவதை 49:6 தடுக்கிறது. வசூலிக்கும் பணம் அமானிதம்; கணக்குக் காட்ட வேண்டும்.

காவல்துறையினர் அனைவரையும் ஏசுவதும் முறையன்று. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, உயர்நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். சொந்தத் துறைக்கே எதிராக அமையினும் உண்மைக்குச் சாட்சி நிற்றல் என்பது 4:135-ஆம் வசனம் கேட்கும் பண்பல்லவா?

அஞ்சும் தாய்க்கு

அஞ்சுவது பாவமன்று. தீமையைக் கையால் தடுப்பது, இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுப்பது என்று நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று படிகளைக் காட்டினார்கள். கையால் தடுப்பது அதிகாரம் உடையோர்க்குரியது என ஆலிம்கள் விளக்குவர். நமக்குரியது நாவு. வீட்டுக்கு ஒரே சம்பாத்தியக்காரரும், நோயாளியும், முதியவரும் வீதிக்கு வரத்தான் வேண்டும் என்பதில்லை. மனுவில் கையெழுத்திடலாம். கண்டதை நீதிமன்றத்தில் சொல்லலாம். இறந்தவரின் தாயிடம் சென்று ஆறுதல் கூறலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற சட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கலாம். ஆனால், “நம் வீட்டுப் பிள்ளை இல்லையே” என்று நிம்மதியாக உறங்குவது மூன்று படிகளில் எதிலும் சேராது.

வெயிலில் நின்ற அந்த உழவர்களைக் கண்டு நின்ற கால்களைப் போல் நம் கால்களையும் வல்ல நாயன் நீதியின் பக்கம் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.