உள்ளங்கையும் கிளட்சும்

மேலே படிக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வையுங்கள். வலது கையை மெல்லச் சுழற்றுங்கள். அது வழுக்கிக்கொண்டு போகும், இடது கை அசையாது. இப்போது கைகளை நன்றாக அழுத்திக்கொண்டு சுழற்றுங்கள். இடது கையும் கூடவே திரும்புகிறது அல்லவா? இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. பாதி வழுக்கி, பாதி இழுத்துச் செல்லும் அந்த நிலையில் உள்ளங்கை சூடாகிறது.

காரின் கிளட்ச் செய்யும் வேலை முழுவதும் இவ்வளவுதான். உழவர்கரையில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பக்கம் உள்ள பட்டறை எதிலாவது கியர் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தால் அனுமதி கேட்டு எட்டிப் பாருங்கள். என்ஜினோடு சுழலும் கனமான இரும்புச் சக்கரம் பிளைவீல். கியர் பெட்டியின் தண்டில் பொருந்தியிருப்பது கிளட்ச் பிளேட். அதன் இரு பக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். அதைப் பிளைவீலோடு வைத்து அழுத்துவது பிரஷர் பிளேட். அழுத்தும் விசையைத் தருவது தட்டு வடிவிலான ஒரு ஸ்பிரிங். ஓட்டுநர் பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் விலகும். என்ஜின் வேறு, சக்கரம் வேறாகிவிடும்.

கேள்வி என்ன?

கார் ஆர்வலர் சிலர் என்ஜினின் ஆற்றலைக் கூட்டிக்கொள்கிறார்கள். பிறகு, பழைய கிளட்ச் தாங்காமல் வழுக்குகிறது என்று பட்டறைக்கு வருகிறார்கள். "இருப்பதிலேயே பெரியதாகப் போட்டுவிடுங்கள்" என்பதே பெரும்பாலோர் கேட்பது. அது சரிதானா? விலைப் பட்டியலைப் பார்க்காமல், பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே விடை காண்போம்.

ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதை நான்கு எண்கள் தீர்மானிக்கின்றன. உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

இந்தப் பட்டியலில் முகத்தின் பரப்பளவு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உராய்வு விசை அழுத்தும் விசைக்கு ஏற்பக் கூடும், தொடும் பரப்பைப் பொறுத்தது அன்று என்று 1699-இல் சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் அமாண்டன்ஸ். 1781-இல் விரிவான சோதனைகளால் உராய்வு விதிகளை உறுதிப்படுத்தியவர் கூலும். மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே கூலும்தான்! பரப்பு கூடினால் தேய்மானம் குறையும், வெப்பம் பரவும். ஆனால் பிடிப்பு கூடாது.

ஒரு கணக்கு

2020 வரை விற்பனையில் இருந்த மாருதி ஸ்விஃப்ட் டீசல் காரின் 1.3 லிட்டர் என்ஜின் தந்த உச்ச முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர். அப்படிப்பட்ட ஒரு காருக்குக் கற்பனையாக ஒரு கிளட்ச் வடிவமைப்போம். முகங்கள் 2, உராய்வுக் கெழு 0.3, அழுத்தும் விசை 4500 நியூட்டன், சராசரி ஆரம் 9 சென்டிமீட்டர், அதாவது 0.09 மீட்டர்.

2 × 0.3 × 4500 × 0.09 = 243 நியூட்டன் மீட்டர்.

4500 நியூட்டன் என்பது சுமார் 460 கிலோ எடை. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் பதினெட்டை அடுக்கி வைத்தது போன்ற அழுத்தம்! நமக்கு வேண்டியது 190, கையில் இருப்பது 243. ஏறக்குறைய 1.28 மடங்கு. பிளேட் தேய்ந்தாலும் சூடேறினாலும் பிடிப்பு விட்டுப்போகாமல் இருக்கவே இந்தக் கூடுதல்.

இப்போது என்ஜினின் முறுக்குவிசையை 250-ஆக உயர்த்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 243-ஐவிட 250 பெரியது, கிளட்ச் வழுக்கும். முன்போல் கால் பங்கு கூடுதல் வேண்டுமானால் சுமார் 312 தேவை. அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, அழுத்தும் விசையை 5800 ஆக்குவது. விடை 313 வரும். ஆனால் பெடல் ஏறத்தாழ முப்பது விழுக்காடு கடினமாகும். இந்திரா காந்தி சதுக்கத்தின் மாலை நெரிசலில் நூறு முறை மிதிக்கும் காலைக் கேட்டால் அதன் பொருள் தெரியும். பெடலை மிதிக்கும்போது அந்தச் சுமை என்ஜின் தண்டின் பேரிங்கின் மேலும் விழும்.

இரண்டாம் வழி, உராய்வுக் கெழுவை உயர்த்துவது. உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்த முகங்களும் பீங்கான் கலந்த முகங்களும் கடைகளில் கிடைக்கின்றன. கெழு 0.39 ஆனால் விடை 316. வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆனால் இவை திடீரெனக் கவ்வும். கார் உதறிக்கொண்டு கிளம்பும். பிளைவீலும் சீக்கிரம் தேயும்.

மூன்றாம் வழி, ஆரத்தைக் கூட்டுவது. 11.6 சென்டிமீட்டர் சராசரி ஆரம் வேண்டும். பிளைவீலும் அதன் உறையும் அதற்கு இடம் தருவது அரிது.

நான்காம் வழி, இரண்டு பிளேட்டுகள் வைத்து முகங்களை நான்காக்குவது. இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்துவிட்டு இழுத்துப் பாருங்கள், பிரிக்கவே முடியாது. முகங்கள் பெருகுவதன் பலம் அது. விடை 486! ஆனால் விலை அதிகம், தேவைக்கும் அதிகம்.

தேவைக்கு அதிகமாக இருந்தால் என்ன கேடு?

வீட்டில் மின்சாரம் மிகும்போது ஃபியூஸ் கம்பி உருகிப் போய் மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. கிளட்சும் ஓரளவு அப்படித்தான். திடீர் அதிர்ச்சி வரும்போது அது சற்று வழுக்கிவிட்டால் கியர் பற்களும் சக்கரத் தண்டுகளும் பிழைக்கும். வழுக்கவே வழுக்காத கிளட்ச் அந்த அடியை அப்படியே அவற்றுக்கு அனுப்பிவிடும். கிளட்சைக் காப்பாற்றப் போய்க் கியர் பெட்டியை இழப்பது என்ன கணக்கு?

பந்தயக் கார்களில் மட்டும் இவை எப்படிப் பயன்படுகின்றன என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுகளம் திறக்கப்பட்டது. அங்கே பந்தயம் தொடங்கும்போது ஒருமுறை கிளம்பினால் போதும். ரெட்டியார்பாளையம் சாலையிலோ ஒரு கிலோமீட்டருக்குள் பத்து முறை நின்று கிளம்ப வேண்டும். ஓடுகளத்துக்கு நல்லது தெருவுக்கும் நல்லது என்று சொல்ல முடியாது.

வெப்பம் எங்கே போகிறது?

1200 கிலோ எடையுள்ள கார் கிளம்பி, மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தை எட்டும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்க. காரின் இயக்க ஆற்றல் 15,000 ஜூல். என்ஜின் ஒரே வேகத்தில் சுழன்றிருந்தால், ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. அதைச் சுற்றியுள்ள இரும்பு 10 கிலோ என்றால் சூடு சுமார் 3 டிகிரி உயரும். இது தாங்கக்கூடியதே.

இனி, அரும்பார்த்தபுரம் மேம்பாலம் போன்ற ஒரு சரிவை எண்ணுங்கள். 25 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் வண்டிகள் நிற்கின்றன. ஓட்டுநர் பிரேக்கைப் பிடிக்காமல் பாதிக் கிளட்சிலேயே காரை நிறுத்தி வைக்கிறார். கணக்கிட்டால் கிளட்சில் நொடிக்கு ஏறத்தாழ 1000 ஜூல் வெப்பம் பிறக்கிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு! அரை நிமிடத்தில் 30,000 ஜூல், அதாவது இரண்டு முறை கிளம்பிய அளவு. கார் ஓர் அங்குலமும் நகரவில்லை. பல கிளட்சுகள் எரிவது என்ஜினின் ஆற்றலால் அல்ல, இந்தப் பழக்கத்தால்தான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், உண்மையில் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கியரில் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜினின் சுழற்சி மட்டும் ஏறி, கார் வேகம் பிடிக்காவிட்டால் வழுக்கல் உண்டு. ஆனால் என்ஜினின் பின்பக்க சீல் வழியாக எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டாலும் இதே அறிகுறிதான். அப்போது எந்தக் கிளட்ச் போட்டும் பயனில்லை.

அடுத்து, என்ஜினின் உண்மையான முறுக்குவிசையை அளந்து, அதைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தாங்கும் கிளட்சைத் தேட வேண்டும். நம் கணக்கில் அழுத்தும் விசை 5200, கெழு 0.34 என்று இரண்டையும் சிறிது சிறிது கூட்டினால் 318 கிடைக்கிறது. பெடல் பதினாறு விழுக்காடுதான் கடினமாகிறது. தெருவுக்கு ஏற்றது இதுவே. அதிர்ச்சியை வாங்கும் சிறு ஸ்பிரிங்குகள் பிளேட்டின் நடுவில் இருக்க வேண்டும். புதிதாகப் போட்டபின் முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். பட்டறையில் அந்தத் தூசியை வாயாலும் காற்றுக் குழாயாலும் ஊதுவதைக் கண்டால் விலகி நில்லுங்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆற்றலைக் கூட்டியவர் பிரேக்கையும் டயரையும் மறந்தால், அதன் விலையைத் தருபவர் சாலையைக் கடக்கும் இன்னொருவராக இருக்கலாம்.

உங்களுக்கு ஒரு வேலை. நம் கற்பனைக் கிளட்சில் எண்ணெய் பட்டு உராய்வுக் கெழு 0.3-இலிருந்து 0.15 ஆனது என்று கொள்ளுங்கள். அது எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும்? மாற்றம் எதுவும் செய்யாத 190 நியூட்டன் மீட்டர் என்ஜினுக்கு அது போதுமா? கணக்கிட்டு, உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் அனுபவத்தால் அறிந்ததை நீங்கள் எண்ணால் அறிந்திருப்பீர்கள்.