மெத்தைக்குள் ஒளிந்திருக்கும் தும்மல்!

காலையில் கண் விழித்ததும் ஒரு தும்மல். பின்னாலேயே பத்து, பதினைந்து! மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. கண் அரிக்கிறது. ''நேத்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டியா? தலைக்குக் குளிச்சுட்டு சரியா துவட்டலையா?'' என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பமாகிறது. ஒன்பது மணிக்குள் எல்லாம் அடங்கி, பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுகிறது. மறுநாள் காலை மறுபடி அதே கதை.

மாதக்கணக்கில் இப்படி நடந்தால் அது வெறும் ஜலதோஷம் இல்லை. ஜலதோஷம் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் விட்டுவிடும். கூடவே உடம்பு வலி, லேசான காய்ச்சல் இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல், மூக்கும் கண்ணும் அரித்துக்கொண்டு, வாரக்கணக்கில் தும்மல் தொடர்ந்தால் அலர்ஜியைச் சந்தேகிக்க வேண்டும். ரோட்டுப் புழுதியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ராத்திரி எட்டு மணி நேரம் முகம் புதைத்துத் தூங்கும் தலையணையையும் கொஞ்சம் கவனியுங்கள்!

யார் இந்த 'டஸ்ட் மைட்'?

சிலந்திக்கு உறவுக்கார உயிர். எட்டுக் கால். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. மூட்டைப்பூச்சி மாதிரி கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் தோலிலிருந்து தினமும் உதிரும் செதில்கள்தான் இதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. சென்னை மாதிரியான கடலோர ஊர்களின் புழுக்கமும் ஈரக் காற்றும் இதற்குச் சொர்க்கம். 1964-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஆராய்ச்சி செய்த வூர்ஹோர்ஸ்ட் குழுவினர், வீட்டுத் தூசு அலர்ஜிக்கு முக்கியக் காரணம் இந்த மைட்தான் என்று சுட்டிக்காட்டினார்கள்.

'ஐயையோ, நம்ம வீடு அவ்வளவு அழுக்கா?' என்று பதற வேண்டாம். பளபளவென்று வைத்திருக்கும் வீட்டு மெத்தையிலும் மைட் இருக்கும். தொல்லை தருவது முக்கியமாக அதன் கழிவு. அதிலுள்ள புரதத்தைச் சிலரின் உடம்பு எதிரியாக நினைத்துப் போர் தொடுக்கிறது. அதன் விளைவுதான் தும்மல், அடைப்பு, அரிப்பு. சிலருக்கு அது நெஞ்சுக்கு இறங்கி வீசிங்காக, அதாவது ஆஸ்துமாவாக மாறுகிறது. 'வெறும் தும்மல்தானே' என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வீடு முழுக்க ஒரே நாளில் போர் தொடுத்தால் இடுப்புதான் உடையும். முதலில் படுக்கை, பிறகு படுக்கையறை. மற்றதெல்லாம் அப்புறம்.

* பெட்ஷீட், தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள். வாஷிங் மெஷினில் இந்த செட்டிங் இருந்தால் சுலபம். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் கழிவு பெரும்பாலும் போய்விடும்; ஆனால், மைட் முழுவதும் சாகாது. பக்கெட்டில் வெந்நீர் வைத்து ஊறப்போடுவதானால் குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

* மெத்தைக்கும் தலையணைக்கும், மைட்டோ அதன் கழிவோ வெளியேற முடியாதபடி நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த முழு உறை போடுங்கள். பல வருஷப் பழைய இலவம்பஞ்சுத் தலையணையை வழியனுப்பி விடலாம். கோரைப்பாய் பழக்கம் இருந்தால் நல்லதே. பஞ்சு மெத்தை அளவுக்கு அது மைட்டுக்கு இடம் கொடுக்காது.

* மொட்டை மாடி வெயிலில் மெத்தையைக் காய வைக்கும் நம் பாட்டிகளின் வழக்கம் அருமையானது. சூடும் வறட்சியும் மைட்டுக்கு ஆகாது. ஆனால், செத்த மைட்டும் கழிவும் உள்ளேயே இருக்கும். எனவே, வெளியிலேயே நன்றாகத் தட்டி எடுத்து வாருங்கள். தட்டுகிறவர் அலர்ஜிக்காரராக இருக்கக் கூடாது!

* துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கும்போது அலர்ஜி உள்ளவர் அறையில் வேண்டாம். முடிந்து அரைமணி கழித்து வரட்டும்.

* குழந்தையின் கரடி பொம்மையைத் துவைக்க முடியாதா? பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒருநாள் முழுக்க ஃப்ரீஸரில் வையுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

* படுக்கையறையில் கார்ப்பெட், கனமான திரைச்சீலை வேண்டாம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். ஏ.ஸி. இருந்தால் ஃபில்டரை ஒழுங்காகக் கழுவுங்கள்.

'ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா?' என்று பலர் கேட்கிறார்கள். மைட்டின் கழிவு கனமானது; எழும்பினாலும் சீக்கிரமே கீழே படிந்துவிடும். அதனால் மைட் அலர்ஜிக்கு இந்த மெஷின் பெரிதாக உதவாது. அந்தக் காசில் நல்ல உறை வாங்குங்கள். சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை மைட்டைக் கொல்லாது; மூச்சுக்குழலைத்தான் எரிச்சல்படுத்தும்.

உறை மட்டும் போதுமா?

போதாது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு உறையை மட்டும் கொடுத்துப் பார்த்த 2003-ம் வருட இங்கிலாந்து ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆனால், 2017-ல் வெளியான இன்னொரு இங்கிலாந்து ஆய்வில், மைட் அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ள குழந்தைகளுக்கு நல்ல பலன் தெரிந்தது. சாதாரண உறை பெற்றவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. மைட் தடுப்பு உறை பெற்றவர்களில் அது 30-க்கும் குறைவு. ஆக, வீட்டுச் சுத்தம் மருந்துக்குத் துணை; மருந்துக்குப் பதில் அல்ல.

டாக்டரிடம் போனால்...

முதலில் மைட்தான் காரணமா என்று உறுதி செய்ய வேண்டும். முன்கையில் சொட்டு மருந்து வைத்து லேசாகக் குத்தும் 'ஸ்கின் ப்ரிக்' டெஸ்ட்டில் 15-20 நிமிடத்தில் முடிவு தெரியும். இதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனையும் உண்டு. டெஸ்ட்டில் 'பாஸிட்டிவ்' என்பது மட்டும் போதாது; தொந்தரவும் அதற்குப் பொருந்த வேண்டும்.

மூக்கடைப்பு தொடர்ந்து இருந்தால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் சிறந்த மருந்து. 'ஸ்டீராய்டா!' என்று பயப்பட வேண்டாம். மூக்குக்குள் மட்டும் மிகச் சிறிய அளவில் வேலை செய்கிறது. ரெண்டு நாள் அடித்துவிட்டு 'கேட்கலை' என்று தூக்கிப் போடாதீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். நடுச்சுவரில் படாமல், காது பக்கம் பார்த்து அடிக்க வேண்டும்.

தும்மல், அரிப்புக்கு செட்ரிஸின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரைகள் உண்டு. பழைய சி.பி.எம். மாத்திரை தூக்கத்தில் தள்ளும். வண்டி ஓட்டுகிறவர்கள் உஷார்! அடைப்பை உடனே திறக்கும் மூக்குச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், அதுவே அடைப்பை அதிகமாக்கும்.

மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் இன்னொரு மருந்து மான்டெலுகாஸ்ட். மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020-ல் இதற்குக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

வீசிங் இருந்தால் இன்ஹேலர். 'பழகிடும்' என்பது வெறும் பயம். மாத்திரையைவிடப் பல மடங்கு குறைந்த அளவில், நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளியுங்கள். வீடு சுத்தமாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதற்கும் அடங்காதவர்களுக்கு 'இம்யூனோதெரபி' உண்டு. மைட் சத்தைச் சிறுகச் சிறுக ஊசியாகவோ, நாக்கடியில் வைக்கும் மருந்தாகவோ கொடுத்து உடம்பைப் பழக்குகிறார்கள். மூன்று முதல் ஐந்து வருடம் பொறுமை வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஊசி போட்டபின் அரைமணி நேரமாவது கிளினிக்கிலேயே இருக்க வேண்டும். அபூர்வமாக உடம்பு முழுக்க அலர்ஜி கிளம்பலாம்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குவது, விலா எலும்பின் நடுவே தோல் உள்ளே இழுப்பது, உதடு நீலம் பூப்பது, இன்ஹேலர் அடித்தும் அடங்காதது... இதில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி! தமிழ்நாட்டில் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தலையணையிலிருந்து ஆரம்பியுங்கள். தும்மல், அடைப்பு, ராத்திரி இருமல் மூன்றையும் காலண்டரில் குறித்து வாருங்கள். பலன் தெரிய சில மாதங்கள்கூட ஆகலாம். அந்தக் காலண்டரை அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை முடிவு செய்ய அது அவருக்கு ரொம்பவே உதவும்.