முகாமுக்குப் பால்பவுடர் அனுப்பாதீர்கள்

புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி கரையேறிவிடுகிறது: "அதிர்ச்சியில் தாய்மார்களுக்குப் பால் வற்றிப்போச்சு. கைக்குழந்தைகள் பசியில் கதறுகின்றன. பால்பவுடர், ஃபீடிங் பாட்டில் உடனே தேவை." ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். மறுநாளே போன் வரும். "டாக்டர், டின் எல்லாம் சேர்த்துட்டோம், எந்த முகாமுக்கு அனுப்பலாம்?" எந்த முகாமுக்கும் வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். அந்த டின்னால் பேதியாகி வரும் குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடுவது நாங்கள்தான்.

பால் வற்றுவதில்லை. பால் சுரப்பது வேறு, சுரந்த பால் இறங்குவது வேறு. சுரக்கவைப்பது புரோலாக்டின், இறக்கிவிடுவது ஆக்ஸிடோசின். பயமும் அழுகையும் தூக்கமின்மையும் இரண்டாவதைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். தாயை ஓரிடத்தில் நிம்மதியாக உட்காரவைத்து, குழந்தையை மார்போடு சேர்த்து அடிக்கடி சப்பவிட்டால் பால் இறங்கிவிடும். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் சுரப்பு நிற்காது. நிறுத்துவது எது தெரியுமா? நீங்கள் அனுப்பும் டின். பவுடர்பாலில் வயிறு நிரம்பிய குழந்தை மார்பைத் தேடாது. சப்பாத மார்பில் சுரப்பு குறையும். டின் தீரும்போது உங்கள் லாரியும் வராது, தாயிடமும் பால் இருக்காது. "பயந்தவ பால் பிள்ளைக்கு ஆகாது" என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஆகும். அதைப்போல ஆவது வேறெதுவும் இல்லை.

முகாமில் அந்த டின் என்ன பாடுபடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூட வகுப்பறை. தண்ணீர் லாரியில் வந்து, மூடியில்லாத பிளாஸ்டிக் டிரம்மில் நிற்கிறது. பால்பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே டீ போடவே அடுப்பு இல்லை. பாட்டிலை அதே டிரம் தண்ணீரில் அலசி, நிப்பிளை முந்தானையில் துடைத்து, டின் நாலு நாள் கூடுதலாக வரட்டும் என்று இரண்டு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுக் கலக்குகிறார்கள். குழந்தை மிச்சம் வைத்தது ராத்திரிக்கு. அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா?

இது என் ஊகம் இல்லை. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பூகம்பம். உலகமே பால்பவுடரை அள்ளிக்கொடுத்தது. பிறகு ஆய்வாளர்கள் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வீடுகளில் விசாரித்தார்கள். தானமாகப் பவுடர் வாங்கிய குழந்தைகளில் ஏறத்தாழ 25 சதவீதத்தினருக்கு விசாரிப்புக்கு முந்தைய ஒரு வாரத்தில் வயிற்றுப்போக்கு. வாங்காதவர்களில் 12 சதவீதத்துக்கும் குறைவு. பூகம்பத்துக்கு முன் பவுடர்பால் குடித்தவர்கள் 32 சதவீதம், பின் 43 சதவீதம். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் நம் தர்மம் இழுத்துப்போட்டிருக்கிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில் போட்ஸ்வானாவில் பெருமழை. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு அரசே இலவசமாகப் பால்பவுடர் கொடுத்துவந்த நாடு அது. குடிநீர் கெட்டது. 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்த கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள்.

சட்டமும் சொல்கிறது. குழந்தைப் பால்பவுடர், பாட்டில்கள் பற்றிய 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குத் தவிர வேறு யாருக்கும் பொதுமக்கள் இவற்றைத் தானம் கொடுக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு மீறினாலும் மீறல்தான்.

தாயை இழந்த குழந்தைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேறொரு தாய் பால் கொடுக்கலாம். 2024 வயநாடு நிலச்சரிவின்போது, தாயை இழந்த குழந்தைகளுக்குப் பால் கொடுக்க இடுக்கியிலிருந்து ஒரு பெண் கணவரோடு கிளம்பிப்போனார். தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. எதுவும் அமையாவிட்டால், குழந்தையைப் பரிசோதித்த மருத்துவரோ செவிலியரோ பவுடரும் சுத்தமான நீரும் ஏற்பாடு செய்து, கலக்கும் முறையையும் சொல்லிக்கொடுப்பார்கள். அது சிகிச்சை. தார்ப்பாய் லாரியிலிருந்து வீசுவது சிகிச்சை இல்லை.

மற்ற புரளிகளையும் தொட்டுவிடுகிறேன். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்பது: இயற்கைப் பேரிடரில் இறந்தவர் உடல்களால் அப்படி வருவதில்லை, அவசரமாகக் கூட்டாகப் புதைத்தால் சொந்தங்களுக்கு அடையாளம்தான் தொலையும். பழைய துணியாவது உதவும் என்பது: 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில் குவிந்துகிடந்த துணிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பது: உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், அப்படிக் கூடவில்லை. அனாதைக் குழந்தைகளைத் தத்தெடுங்கள் என்பது: 2010-இல் ஹைத்தியிலிருந்து 33 குழந்தைகளை உரிய அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற வெளிநாட்டுக் குழு பிடிபட்டது, பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால் 1098-ஐக் கூப்பிடுங்கள், வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

என்னுடைய நெடுநாள் நச்சரிப்பு ஒன்று உண்டு: பாலாடை, அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம். பீய்ச்சிய பாலோ மருந்தோ எதுவானாலும் அதில் புகட்டலாம். எவர்சில்வர் பாலாடையில் மூலைமுடுக்கு கிடையாது, கழுவுவது எளிது. பாட்டில் நிப்பிளைக் கழுவிச் சுத்தமாக்க முகாமில் யாராலும் முடியாது. பச்சைக்குழந்தைகள் வார்டில் நாங்கள் பயன்படுத்துவது பாலாடைதான். வீட்டுப் பரணிலிருந்து அதைத் தூக்கிப்போட்டுவிட்டு பாட்டிலை நாகரிகமாக்கிக்கொண்டோம். இன்னொன்று, மறைப்பு. 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் நம் தமிழ்நாடு. முகாமில் நாலு கம்பு நட்டு இரண்டு சேலை கட்ட முடியாதா?

அடுத்த மழைக்குப் பணம் திரட்டினால் தாய்க்குச் சோறு, குடிதண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நாப்கின், போர்வை, பாலாடை வாங்குங்கள். டின் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதென்றால் லாரியில் ஏற்றாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால், கேட்டுக்கொண்டு, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுங்கள்.