தன்விவரக் குறிப்பில் தன்முகம்

நுழையும்முன்

வேலைக்கோ பயிற்சிக்கோ விண்ணப்பிப்போர் தம் கல்வி, திறன், அனுபவம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதித் தருவது தன்விவரக் குறிப்பு எனப்படும். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதனைச் சில நொடிகளில் எழுதித் தருகின்றன. அவ்வாறு கிடைத்த குறிப்பு எப்போது நம்முடையது ஆகிறது? அதனை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

பெங்களூரு அல்சூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று. தந்தை கிருஷ்ணராஜேந்திரச் சந்தையில் பூக்கடை வைத்திருக்கிறார். மகள் வணிகவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சி பெற அவள் விரும்பினாள். தன் படிப்பு, கல்லூரி, விரும்பும் பணி ஆகிய மூன்றை மட்டும் கருவியிடம் கூறினாள். உடனே ஒரு பக்க அளவில் ஆங்கிலக் குறிப்பு திரையில் தோன்றியது. அவள் மகிழ்ந்து, அதனைத் தன் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் ஆலை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

“கடின உழைப்பும், குழுவாகச் செயல்படும் திறனும், சாதிக்கும் ஆர்வமும் கொண்ட மாணவி, டேலி கணக்கு மென்பொருளில் வல்லவர்” என்று அது தொடங்கியது.

“அழகாகத்தான் இருக்கிறது, அம்மா. உன் பெயரை நீக்கிவிட்டு உன் தோழியின் பெயரை இதில் எழுதினால், வேறு ஏதேனும் மாற்ற வேண்டியிருக்குமா?” என்று தாத்தா கேட்டார்.

அவள் சற்றே எண்ணிப் பார்த்தாள். “இல்லை, தாத்தா. எதையும் மாற்ற வேண்டியதில்லை.”

“டேலி மென்பொருளில் நீ எப்போது வல்லமை பெற்றாய்?”

“இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். அதுவாகவே அப்படிச் சேர்த்துவிட்டது.”

“கடைக் கணக்கை இரண்டு ஆண்டுகளாக நீதானே எழுதி வருகிறாய்? அது இதில் இல்லையே.”

அவள் தலைகுனிந்தாள். “அதை நான்தான் கூறவில்லை, தாத்தா. தணிக்கையாளர் அலுவலகத்திற்குப் பூக்கடையைப் பற்றி எழுதினால் எளிதாக எண்ணிவிடமாட்டார்களா?”

தாத்தா கடிந்துகொள்ளவில்லை. ஒரு வரலாற்றைக் கூறலானார்.

கணித மேதை சீனிவாச இராமானுசன் கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்திலேயே மூழ்கியிருந்தமையால் பிற பாடங்களில் தவறி, எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் பணிக்கு அவர் விண்ணப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலையால் படிப்பைத் தொடர இயலாமற்போனதையும், கணிதத்தில் தம் காலத்தைச் செலவிட்டு வருவதையும் அவ்விண்ணப்பத்தில் குறிப்பிட்டார். எஃப்.ஏ. தேர்வில் தேறியதாக அவர் எழுதவில்லை. மார்ச் முதல் நாளில், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அப்பணியில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, 1913 ஜனவரி 16 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தாம் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்பதையும், ஆண்டு ஊதியம் 20 பவுண்டு மட்டுமே என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் முதலிலேயே தெரிவித்தார். பின்னர்த் தாம் கண்டறிந்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக வரிசைப்படுத்தினார். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து வியந்தனர். 1914 மார்ச்சில் இராமானுசன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் ஆனார்.

“அக்கடிதத்தின் ஆங்கிலத்திற்கு நண்பர்களும் துணைநின்றனர் என்பர். மொழிக்குத் துணை தேடுவது குற்றமன்று. ஆனால் அந்தத் தேற்றங்களை வேறு யாரும் அவருக்கு எழுதித் தந்திருக்க முடியாது. தாம் சிறிய ஊதியம் பெறும் எழுத்தர் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. இன்னொன்றையும் கவனி. துறைமுகத்துக்கு எழுதியவரும் ஹார்டிக்கு எழுதியவரும் ஒருவரே. எழுத்தர் பணிக்குப் படிப்பைக் கூறினார். கணித அறிஞருக்குத் தேற்றங்களைக் காட்டினார். படிப்பவர் எதை அறிய விரும்புவாரோ, அதைத் தம் வாழ்விலிருந்து தேர்ந்தெடுத்துத் தந்தார்” என்றார் தாத்தா.

செயற்கை நுண்ணறிவுக் கருவி இயங்கும் முறையை அறிந்தால் அவர் சொன்னதன் பொருள் மேலும் தெளிவாகும். இக்கருவிகள் கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பயிற்சி பெற்றவை. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணித்து அவை தொடர்களை அமைக்கின்றன. எனவே, பலரும் வழக்கமாக எழுதும் தொடர்களே முதலில் வந்து நிற்கின்றன. நாம் தகவல் தராத இடத்தை, உண்மைபோலத் தோன்றும் செய்தியால் அவை நிரப்பிவிடவும் கூடும். நாம் கூறினாலன்றி, நம் வீட்டையும் கடையையும் அவை அறியமாட்டா.

அன்றிரவு அவள் ஒரு தாளை எடுத்து, கடையில் தான் செய்த பணிகளை எண்ணி எழுதினாள். வரமகாலட்சுமி நோன்பை ஒட்டிப் பூவிலை நாளுக்கு நாள் ஏறும். அந்நாள்களில் கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் அன்றன்றே அவள் பதிந்திருக்கிறாள். யார் எவ்வளவு பாக்கி வைத்துள்ளார் என்பதை அப்பா நினைவிலேயே வைத்திருந்தார். சில பாக்கிகள் மறந்தும் போயின. அதற்கெனத் தனிப் பேரேடு தொடங்கியவள் அவளே. ஓசூரிலிருந்து பூக் கொண்டுவருவோரிடம் தமிழிலும், வாங்குவோரிடம் கன்னடத்திலும் அவள் பேசுகிறாள். இவற்றைக் கருவியிடம் கூறி, இல்லாத எதையும் சேர்க்க வேண்டாம் என்றும் கட்டளையிட்டாள். வந்த வரைவை வரிவரியாகத் திருத்தினாள்.

திருத்திய குறிப்பின் முதற்பகுதி தமிழில் இவ்வாறு அமையும்:

“குடும்பப் பூக்கடையின் அன்றாடக் கொள்முதல், விற்பனைக் கணக்கை இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். வாடிக்கையாளர் பாக்கிக்கெனத் தனிப் பேரேடு தொடங்கிப் பேணுகிறேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் உரையாடுவேன். டேலி மென்பொருளைக் கற்று வருகிறேன்.”

மறுநாள் அவள் அதனை அப்பாவிடம் காட்டினாள். அவர் இருமுறை படித்தார். “பூக்கடை என்றே எழுதியிருக்கிறாயே, கண்ணு!” என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

நேர்காணலில் தணிக்கையாளர் முதலில் கேட்டது அந்தப் பேரேட்டைப் பற்றித்தான். நெடுநாள் பாக்கியை எவ்வாறு குறித்தாள், பகுதியாகப் பணம் வந்தால் எப்படிப் பதிந்தாள் என்று வினவினார். அவள் தயங்காமல் விடை கூறினாள். செய்த வேலையை விளக்குவதற்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. டேலியில் வல்லவள் என்ற பழைய வரி நின்றிருந்தால், அதிலிருந்து எழும் முதல் வினாவிலேயே அவள் வாயடைத்துப் போயிருப்பாள்.

நினைவில் கொள்க

1. கருவியிடம் செல்லுமுன் உம் பணிகளை நீரே பட்டியலிடுக.
2. “உழைப்பாளி” என்று கூறுவதைவிட, செய்த வேலையைக் கூறுக. எவ்வளவு காலம், என்ன பயன் என்பதையும் சேர்க்க.
3. பல நிறுவனங்களில் குறிப்பை முதலில் மென்பொருளே வடிகட்டுகிறது. எனவே, விளம்பரத்தில் கேட்கப்பட்ட திறன் உமக்கு உண்மையாகவே இருந்தால், அதே சொல்லால் குறிப்பிடுக.
4. நேர்காணலில் விளக்க இயலாத வரியை நீக்குக.
5. ஆதார் எண், வீட்டு முகவரி, வங்கி விவரம் ஆகியவற்றைக் கருவியில் இடாதீர்.

சொற்பொருள்

தணிக்கையாளர் – கணக்கைச் சரிபார்ப்பவர்
கொள்முதல் – விற்பதற்காகப் பொருளை வாங்குதல்
பேரேடு – கணக்குகளைத் தனித்தனியே பதியும் ஏடு
வரைவு – முதலில் எழுதப்படும் படி
தேற்றம் – நிறுவத்தக்க கணித உண்மை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பூக்கடையைப் பற்றிக் கூற மாணவி ஏன் தயங்கினாள்?
2. இராமானுசன் தம் எஃப்.ஏ. படிப்பை எவ்வாறு குறிப்பிட்டார்?
3. கருவி தரும் குறிப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
1. பூக்கடை  2. பேரேடு  3. தன்முகம்

இ. கீழ்வரும் தொடரை உம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு செயலைக் கொண்டு மாற்றி எழுதுக.
“நான் பொறுப்புணர்வு மிக்க மாணவன் / மாணவி.”

ஈ. செயல்பாடு
உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் செய்த வேலைகளைத் தமிழில் கேட்டறிக. அவருக்காக எட்டு வரிகளில் ஒரு தன்விவரக் குறிப்பு எழுதி, அவரிடமே படித்துக் காட்டுக. அவர் திருத்தச் சொன்ன இடங்களை அடிக்கோடிடுக.